அரை இட்லி

சடசடவென்று ஒரு சத்தம். கண்ணைத் திறப்பதற்கு முன்பே சென்னியப்பனின் வலது கை கட்டிலுக்கு அடியில் டார்ச் லைட்டைத் தேடிப் போனது. தூறல் விழுந்து நனைந்த பீங்கானில் மின்சாரம் ஊர்ந்து போகும்போது இப்படித்தான் சடசடக்கும். யார்டின் வடக்கு மூலையாக இருக்கும், போய்ப் பார்க்க வேண்டும், பார்த்து லாக் புத்தகத்தில் நேரம் போட்டு எழுத வேண்டும் என்று பாதித் தூக்கத்திலேயே மனசு செருப்பை மாட்டிக்கொண்டது. இருபத்தாறு வருஷம் துணை மின்நிலையத்தில் இராத்திரி ஷிப்டு பார்த்தவனுக்கு உடம்பு தூங்கினாலும் காது தூங்குவதில்லை. நாலு மாசமாக மெடிக்கல் லீவில் கிடந்தும் உடம்பு ஷிப்டை விடவில்லை. இராத்திரி முழுக்க விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பான், விடிந்ததும் தூங்குவான், மதியம் மூன்று மணிதான் அவனுக்குக் காலை. கை தரையைத் தடவியது. டார்ச் இல்லை. மூடிய இமைக்கு மேலே சிவப்பாக வெயில். வெயில் என்றால் யார்டு இல்லை, வீடு. அப்படியானால் இந்தச் சத்தம்? அது அடங்குவதற்குள் காய்ந்த எண்ணெயின் வாசம் வந்தது, அதன் பின்னாலேயே கறிவேப்பிலை. கடுகு. சுலோச்சனா கடுகு தாளிக்கிறாள். இந்த வீட்டில் கடுகு வெடித்து நாலு மாசம் ஆகிறது. அவன் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் இன்றைக்கு என்பது தொடங்கிவிடும், தொடங்கினால் அந்த அரை இட்லி வரும், அது இறங்குமோ நிற்குமோ. இன்னும் ஒரு நிமிஷம் இப்படியே வாசத்துக்குள் படுத்திருக்கலாம் என்று இருந்தது.

நேற்றுக் கோயம்புத்தூர் செக்கப்பில் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வயிற்றுத் தையலில் விட்டிருந்த ஓட்டை நன்றாக மூடிவிட்டது, நாளையிலிருந்து கொஞ்சம் கெட்டியாக ஆரம்பிக்கலாம் என்றார். அரை இட்லி, குழைய வெந்த பருப்பு, தாளித்தும் கொட்டலாம். ஒரு வாய்க்கு முப்பது தடவை மெல்ல வேண்டும். தண்ணியாகிறவரைக்கும் விழுங்கக் கூடாது. விழுங்கினதும் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு இரண்டு நிமிஷம் பார்க்க வேண்டும். இடது தோளில் வலி வந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ எந்த நேரமானாலும் கிளம்பி வந்துவிட வேண்டும். சென்னியப்பனுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. கோளாறில் ட்ரிப் ஆகி நின்ற ஃபீடருக்கு, ஊருக்குக் கரண்டு கொண்டுபோகிற லைனுக்கு, செய்வதும் இதுதானே. எடுத்த எடுப்பில் ஊர் முழுக்க லோடு ஏற்ற மாட்டார்கள். ஒரு தடவை கரண்டு விட்டுச் சார்ஜ் செய்துவிட்டு மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், முள் துள்ளாமல் நின்றால் அடுத்தது. பத்தாவதோடு படிப்பை விட்டவன், வயரிங் படங்களைப் பழைய பேப்பர் கடையில் வாங்கிய புத்தகங்களை வைத்துத் தானாகவே படித்துக்கொண்டவன். எது வந்தாலும் அதைத் தெரிந்த ஒரு படத்தின் மேல் வைத்துப் பார்த்தால்தான் அவனுக்குச் சமாதானம். ஆனால் ஃபீடர் ட்ரிப் ஆனதற்குக் காரணம் எழுதாமல் யாரும் சார்ஜ் செய்வதில்லை. காரணம் என்ற கட்டம் ஒன்று இருக்கிறது லாக் புத்தகத்தில். அணில், மரக்கிளை, இடி, பட்டம் விட்ட நூல். அதைக் காலியாக விட்டால் இன்ஜினியர் கூப்பிட்டுக் கேட்பார். அவனுடைய கட்டம் நாலு மாசமாகக் காலியாக இருந்தது. காலியாகக்கூட இல்லை. அதில் வேறு ஒருத்தி தன் பேரை எழுதிக்கொண்டிருந்தாள்.

நூற்று முப்பத்தெட்டுக் கிலோ இருந்தான். யார்டுக்குள் நுழைந்தாலே, ஓரம் போங்கப்பா பவர் டிரான்ஸ்ஃபார்மர் வருது என்று லைன்மேன் குப்புராஜ் குரல் கொடுப்பான், ஆயில் லெவல் சரியா இருக்கான்னு பாருங்க என்று இன்னொருத்தன் சேர்த்துக்கொள்வான், சென்னியப்பனும் சிரிப்பான். சிரித்துவிட்டு டூட்டி முடிகிறவரைக்கும் அதையே நினைத்துக்கொண்டிருப்பான். சர்க்கரை முந்நூற்றுக்கு மேல். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. அதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், மகள் கல்யாணத்தன்று மணையில் சம்மணம் போட்டு உட்கார முடியாமல், மண்டபத்துக்காரன் கொண்டுவந்து போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தாரை வார்த்தானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. வீடியோவில் இன்னும் இருக்கிறது. எல்லாரும் கீழே, அவன் மட்டும் மேலே, தண்ணீர் இரண்டு அடி உயரத்திலிருந்து விழுகிறது. அதற்கப்புறம்தான் வயிற்றைச் சுருக்கித் தைக்கும் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டான். ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. அஞ்சாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு வாரம் தெளிந்த நீர் மட்டும், வடிகட்டிய ரசம், வடிகட்டிய சூப், தினமும் இருபது நிமிஷம் நடை. பத்தாம் நாள் சாயங்காலம் நடந்து பைபாஸ் டீக்கடை வரைக்கும் போனான். கண்ணாடிப் பெட்டியில் மத்தியானத்துப் பருப்பு வடை ஒன்று மிச்சம் கிடந்தது. பசிக்கவில்லை. அதை எத்தனை தடவை யோசித்தாலும் பசிக்கவில்லை என்பதுதான் வந்து நிற்கிறது. பசித்திருந்தால் ஒரு நியாயம் இருந்திருக்கும். இராத்திரி ஷிப்டுக்குப் போகிற வழியில் இருபத்தாறு வருஷமாக அந்தப் பெட்டியில் கையை விட்ட பழக்கம்; கை தானாகப் போனது, இன்றைக்கு டார்ச்சைத் தேடிப் போன மாதிரியே. பாதியைத் தின்றான். நன்றாக மென்றுதான் தின்றான், பொடிப்பொடியாக, மாவாக. மீதியைப் பேப்பரோடு சாக்கடையில் போட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அன்று இராத்திரி இடது தோளில் ஆணி அடித்த மாதிரி வலித்தது.

அவசரப் பிரிவில் ஒரு சின்னப் பையன் டாக்டர் கேட்டான், கெட்டியாக ஏதாவது சாப்பிட்டீர்களா என்று. சென்னியப்பன் தலையை ஆட்டினான். இல்லை என்றுதான் ஆட்டினான். வலியில் ஆட்டினேன், ஆட்டினது எனக்கே தெரியாது என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருக்கிறான், ஆனால் தெரிந்தேதான் ஆட்டினான். பக்கத்தில் சுலோச்சனா நின்றாள். முந்தானையை வாயில் வைத்திருந்தவள் அதை எடுத்துவிட்டு, "ரசந்தானுங்க குடுத்தேன். வடிகட்டித்தானுங்க குடுத்தேன். குடிச்சு முடிச்சப்புறம் பார்த்தா டம்ளர் அடியில ஒரு கடுகு கெடந்துச்சுங்க" என்றாள். டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, எதையோ எழுதிக்கொண்டிருந்தான். அந்த நிமிராத தலையை அவள் தீர்ப்பாக எடுத்துக்கொண்டாள். கடுகாவது ஒன்றாவது என்று அந்த நேரத்தில் சென்னியப்பன் வாயைத் திறந்திருக்கலாம். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே பிரித்து, கழுவி, குழாய் வைத்து, கண் முழித்தபோது நாலு நாள் போயிருந்தது, சொல்லும் நேரமும் போயிருந்தது. தையல் விட்டுப்போவது நூறு பேரில் ஒருத்தருக்கு நடக்கிறதுதான், காரணம் இதுதான் என்று சொல்ல முடியாது என்று பெரிய டாக்டர் பின்னால் விளக்கினார். அவனுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அவளுக்கு இல்லை. வீட்டுக்கு வந்ததும் டீ வடிகட்டியைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். பழைய எட்டு முழ வேட்டியைக் கிழித்து நாலாக மடித்து வடிகட்டினாள். ஒரு தடவை வடிகட்டியதை இன்னொரு தடவை. அஞ்சறைப்பெட்டியில் கடுகுக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். தனக்கென்று செய்கிற சோற்றுக்கும் தாளிப்பதில்லை. நாற்பத்தேழு வயசுப் பொம்பளை, ஆஸ்பத்திரி நோயாளி மாதிரி நாலு மாசம் வெறும் வேகவைத்ததைத் தின்றாள், அதையும் அவன் கண்ணில் படாமல், அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு.

சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரியின் நாற்பத்தொரு நாளும் அவனுக்கு நன்றி சொல்லவே நேரம் சரியாக இருந்தது. மனசு அப்படித்தான் ஒரு தந்திரம் செய்தது, யார் யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டே போனால் சொல்ல வேண்டியதை மறந்துவிடலாம் என்று. மூக்கு வழியாகக் குழாய், அதில் சொட்டுச் சொட்டாகப் பால் நிறத்தில் ஏதோ ஒன்று. வாய் என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டிருந்த ஒரு நாள், கூடலூர் பக்கத்து நர்ஸ் பெண் ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துவிட்டாள். ஒரே ஒரு சொட்டு நாக்கில் இறங்கிற்று. தண்ணீருக்கு ருசி இல்லை என்று எவன் சொன்னான்? அந்தச் சொட்டில் இரும்பு இருந்தது, மழை இருந்தது, ஒரு மெல்லிய இனிப்பு இருந்தது. அவள் போனபின் வெகுநேரம் தன் எச்சிலையே விழுங்கி விழுங்கிப் பார்த்தான். எச்சில் கீழே இறங்குகிறது, இறங்குகிறது, இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும். வயிற்றுப் பக்கம் தொங்கிய பையைத் தினமும் காலி செய்து கழுவி வைத்த ஆயாவின் பேரைக்கூட அவன் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். குப்புராஜ் ரத்தம் கொடுத்தான். டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் மாத்தற வேலைதானே என்று சொல்லிக்கொண்டே சட்டையை மடித்துவிட்டானாம். சென்னியப்பன் தூங்குவதில்லை என்று தெரிந்ததும், டூட்டி இருக்கும் நாட்களில் போன் போட்டு, ஒன்றும் பேசாமல் போனை யார்டுப் பக்கம் நீட்டிப் பிடிப்பான். டிரான்ஸ்ஃபார்மரின் அந்த ம்ம்ம் என்ற முனகல் வரும். மாறாமல், ஏறாமல் இறங்காமல். அதைக் கேட்டுக்கொண்டே சென்னியப்பன் தூங்கிப்போவான். பக்கத்துப் பெஞ்சில் சுலோச்சனா தூங்காமல் உட்கார்ந்திருப்பாள். கடுகைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்திருப்பாள் என்பது அவனுக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியது. தோன்றியதும் போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டான்.

"ஏனுங், எந்திரிச்சுட்டீங்களா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. எழுந்தான். எழுவது இப்போது சுலபம். எண்பத்தாறு கிலோவில் உடம்பு கட்டிலிலிருந்து தனியாகப் பிரிந்து வருகிறது, தோல்தான் பழைய ஆளின் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்ட மாதிரி முழங்கையில் மடிந்து தொங்குகிறது. பவர் டிரான்ஸ்ஃபார்மர் இளைச்சு சர்வீஸ் வயர் ஆயிருச்சு என்று போன வாரம் பார்க்க வந்த குப்புராஜ் சொன்னான். சொல்லும்போது சிரிக்க முடியாமல் போர்ட்டிகோவில் செருப்பைத் தேடுகிற சாக்கில் திரும்பிக்கொண்டான். சென்னியப்பன் முகம் கழுவி, அடுப்படி நிலையருகே போய் நின்றான். சுலோச்சனா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மேடையில் பருப்புப் போசி, மேலே தாளித்துக் கொட்டியது எண்ணெயோடு மினுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இத்தனை நாள் கவிழ்ந்தே கிடந்த கடுகுக் கிண்ணம் இன்றைக்கு நிமிர்ந்திருந்தது. அதைப் பார்த்து அவனுக்கு உள்ளே எதுவோ இளகியது. சரி, டாக்டர் தாளிக்கலாம் என்று சொன்னதை நம்பிவிட்டாள், எல்லாம் தானாகவே ஆறிவிட்டது, சொல்லாமலே ஆறிவிட்டது, நல்லதாய்ப் போயிற்று என்று ஒரு மூச்சு விடப் போனான். அப்போது அவள் ஜன்னல் கம்பியில் காயப்போட்டிருந்த வேட்டித் துணியை எடுத்தாள். நாலாக மடித்தாள். இன்னொரு போசியின் வாயில் விரித்து, தாளித்த பருப்பை அதில் ஊற்றினாள். பருப்பு கெட்டி, இறங்கவில்லை. கரண்டியின் முதுகால் தேய்த்தாள், தேய்த்தாள், கடைசியில் துணியை முடிச்சாகப் பிடித்துப் பிழிந்தாள். பிழிந்துவிட்டுத் துணியைப் பிரித்து வெளிச்சத்தில் வைத்து, ஒட்டியிருந்த கடுகை ஒவ்வொன்றாக நகத்தால் எடுத்து ஒரு தட்டின் ஓரத்தில் போட்டாள். எண்ணுகிறாளா? உதடு அசைந்தது. எத்தனை போட்டோம் எத்தனை எடுத்தோம் என்று பார்க்கிறாள்.

சில சமயம் மனசு சம்பந்தமில்லாத இடத்துக்கு ஓடும், ஓடிப்போய் நின்ற பிறகுதான் சம்பந்தம் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முந்தின ஒரு தூறல் சாயங்காலத்துக்கு ஓடியது. லைனில் ஏறி வேலை செய்யப் போகிறவன் முதலில் சப்-ஸ்டேஷனுக்கு வந்து லைன் கிளியர் எடுப்பான். பேர், நேரம், கையெழுத்து. பிரேக்கரைத் திறந்து கரண்டை நிறுத்தி, சிவப்பு அட்டையை மாட்டிவிட்டால் அது செத்த லைன். எடுத்தவனே நேரில் வந்து கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுக்கிறவரைக்கும் அதில் கரண்டு விடக் கூடாது. கலெக்டரே வந்து சொன்னாலும் கூடாது. அன்றைக்கு எடுத்தவன் குப்புராஜ். ஒரு மணி நேரம் கழித்து அவனோடு போன ஹெல்பர் போன் செய்தான், வேலை முடிந்தது சார், குப்பண்ணன் போனில் சார்ஜ் இல்லை, நான் சொல்றேன் விடுங்க என்றான். மண்டபத்தில் வரவேற்பு நடக்கிறது, ஊர் இருட்டாகக் கிடக்கிறது, போனில் திட்டுகிறவர்கள் அப்பா ஆத்தாளை எல்லாம் இழுத்துத் திட்டுகிறார்கள். சென்னியப்பன் விடவில்லை. எடுத்தவன் வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டான். முக்கால் மணி கழித்துக் குப்புராஜ் நனைந்துகொண்டே வந்தான். விஷயத்தைக் கேட்டதும், இவன் எதற்குப் போன் பண்ணினான், நான் இப்பத்தான் கம்பத்தை விட்டு இறங்கி வர்றேன் என்றான். சொன்னவன் அங்கிருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தக் கதையைச் சென்னியப்பன் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். சொன்ன வாயேதான் இது. இங்கே ஒரு லைன் நாலு மாசமாகச் செத்துக் கிடக்கிறது. எடுத்தவன் அவன். தையல் ஆறினாலும் டாக்டர் சொன்னாலும் காலம் போனாலும், எடுத்தவனே வாயைத் திறந்து சொல்லாமல் அது திரும்பாது; அந்தத் துணி ஜன்னலில் தொங்கிக்கொண்டேதான் இருக்கும். கிழவியாகிற வரைக்கும் கடுகு எண்ணுவாள்.

அவள் தட்டைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். அரை இட்லி, பக்கத்தில் மஞ்சள் தண்ணியாகப் பருப்பு, சின்ன ஸ்பூன். போனில் இரண்டு நிமிஷத்துக்கு அலாரம் வைத்தாள். உட்காருங்க என்றாள். சென்னியப்பன் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். "சுலோச்சனா, கடுகு இல்ல புள்ள" என்றான். அவள் பருப்பை எட்டிப் பார்த்தாள், இல்லீங்க, எல்லாத்தையும் எடுத்துட்டேன் என்றாள். "இதுல இல்ல. அன்னிக்கு. உன்ர ரசத்துல ஒண்ணுமில்ல. நான் பைபாஸ் கடையில வடை தின்னேன். பாதி வடை. டாக்டர் கேட்டப்ப இல்லைன்னேன். நீ கடுகுன்னு சொன்னதும் பேசாம இருந்துட்டேன்." இவ்வளவுதான். நாலு மாசமாக இராத்திரி இராத்திரியாக விட்டத்தில் எழுதி அழித்த பேச்சு இவ்வளவு சின்னதாக இருந்தது. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அலாரம் அடித்தது, அவள் அதை நிறுத்தினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள், காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வடை சூடா இருந்துச்சா?" என்றாள்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. "ஆறிப்போனதுதான்" என்றான். "ஆறிப்போன வடைக்கு" என்று அவள் சொன்னாள், அதை முடிக்கவில்லை. முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து, வந்த வழியே கோணிக்கொண்டு போனது. "ஆஸ்பத்திரி பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு என்ர கன்னத்துல நானே எத்தனை அடி அடிச்சுக்கிட்டேன்னு தெரியுமாங்க உங்களுக்கு" என்றாள், யாருடைய விஷயத்தையோ சொல்கிற மாதிரி மெதுவாக. அப்புறம் பின்கதவைத் திறந்துகொண்டு பொடக்காலிக்குப் போய்விட்டாள்.

உட்கார்ந்தான். என்ன செய்வதென்று தெரியாதபோது உட்கார்ந்துவிடுவது அவன் வழக்கம். பொடக்காலியில் குழாய் திறக்கும் சத்தம், பக்கெட்டின் அடியில் தண்ணீர் மோதும் சத்தம். அம்மா வீட்டுக்குப் போய்விடுவாளோ. பொள்ளாச்சி பஸ் நாலே காலுக்கு. மகளுக்குப் போன் செய்வாளோ, செய்யட்டும். இட்லி ஆறிக்கொண்டிருந்தது. அவள் கையால் அரைத்து, அவள் கையால் ஊற்றி, அவிந்ததைப் பாதியாக வெட்டி வைத்த இட்லி. அதைத் தின்னாமல் எழுந்தால் அது இன்னொரு துரோகம், தின்றால் கூச்சமில்லாதவன். ஸ்பூனை எடுத்தான். ஓரத்தில் அழுத்தினால் ஒரு சுண்டைக்காய் அளவு பிட்டுக்கொண்டு வந்தது. பருப்பில் தோய்த்து வாயில் வைத்தான். முதலில் புளிப்பு. மெல்லிய, நேற்றிரவு முழுக்கப் பொங்கிய மாவின் புளிப்பு. அதன் பின்னால் உளுந்து. அதன் பின்னால், துணியில் பிழிந்தும் போகாமல், தாளித்த எண்ணெயின் சுட்ட மணம். பல் ஒன்றோடொன்று சேர்ந்தது. பல்லுக்கு நடுவே எதுவோ இருக்கிறது என்பதே நாலு மாசத்தில் மறந்துபோன ஒரு விஷயம்; கண்ணில் நீர் வந்தது, அது எதற்கு வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஏழு, எட்டு. வடையையும் இப்படித்தான் மென்றேன். பதினொன்று. இல்லை, வடையை மெல்லும்போது சாலையைப் பார்த்துக்கொண்டே மென்றேன், யாராவது வருகிறார்களா என்று. பதினெட்டு. இப்போது யாரும் வரக்கூடாது என்று இல்லை. யாராவது வந்தால் தேவலை. இருபத்தாறு. தண்ணியாகிவிட்டது, ஆனால் தொண்டை திறக்கவில்லை. விழுங்கு என்றால் விழுங்க மாட்டேன் என்கிறது. முப்பது போய் நாற்பது ஆயிற்று. அந்த ஆணி, இடது தோள், ஸ்ட்ரெச்சரின் சக்கரம், மேலே ஒவ்வொன்றாக நகர்ந்துபோகும் டியூப் லைட்டுகள். கண்ணை மூடிக்கொண்டு அந்த ம்ம்ம் என்ற முனகலை நினைத்தான், ஏறாமல் இறங்காமல். விழுங்கினான். நெஞ்சுக்குழியில் ஒரு கணம் நின்றது. நின்றே இருந்தது. பிறகு, கதவைத் தட்டாமல் உள்ளே போகிற சொந்தக்காரனைப் போல, இறங்கிற்று.

ஸ்பூனைக் கீழே வைத்தான். அலாரம் வைக்க ஆள் இல்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தோள் சும்மா இருந்தது. தோளைத் தொட்டுப் பார்த்தான். தன் தோளை இவ்வளவு மரியாதையாக அவன் ஒருநாளும் தொட்டதில்லை. பொடக்காலியில் பக்கெட் நிரம்பி வழிகிறது, யாரும் குழாயை மூடவில்லை. இரண்டாவது வாய். மூன்றாவது. அந்த ஆயாவின் பேரைப் போய்க் கேட்க வேண்டும். கூடலூர்ப் பெண்ணுக்கு எதாவது வாங்கிக்கொண்டு போக வேண்டும், என்ன வாங்குவது, சுலோச்சனாவைத்தான் கேட்க வேண்டும். சுலோச்சனாவை. ஒரு மனுஷனை உயிரோடு வைக்க எத்தனை கை வேண்டியிருந்திருக்கிறது, அதில் எல்லாக் கையையும் எண்ணிவிட்டு நாலு மாசமாக வடிகட்டி வடிகட்டிக் கொடுத்த கையை மட்டும் விட்டுவிட்டேனே என்று தோன்றியது. எண்ணாமல் விட்டதில்லை, எண்ணப் பயந்தது. குழாய் மூடும் சத்தம் கேட்டது.

அவள் உள்ளே வந்தபோது முகத்தில் தண்ணீர் சொட்டியது, துடைக்கவில்லை. முதலில் தட்டைப் பார்த்தாள். இட்லியில் கால்வாசி போயிருந்தது. பிறகு அவன் தோளை, பிறகு முகத்தை. "வலிக்குதா?" என்றாள். இல்லை என்று தலையை ஆட்டப் போனவன், ஆட்டாமல், வாயைத் திறந்து, "இல்ல, வலிக்கல" என்றான். அவள் அடுப்படிக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை. இட்லிப் பானையைத் திறக்கும் சத்தம், தட்டு வைக்கும் சத்தம். மூன்று இட்லியோடு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஓரமாக எடுத்து வைத்திருந்த கடுகையும் கறிவேப்பிலையையும் தன் பருப்பில் வழித்துப் போட்டுக்கொண்டு, அவனுக்கு எதிரிலேயே சாப்பிட ஆரம்பித்தாள். வேகமாக, பசித்தவள் சாப்பிடுகிற மாதிரி. பல்லில் கடுகு நெரியும் சத்தம் அவனுக்குக் கேட்டது, கேட்டதாக நினைத்துக்கொண்டான். மூன்றாவது இட்லியின் நடுவில், தட்டைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த தடவை போறப்ப டாக்டர்கிட்ட நீங்களே சொல்லோணும். நான் கூட நிப்பேன். வாயைத் திறக்க மாட்டேன்" என்றாள். சரி என்றான். "நான் இன்னும் உங்க மேல கோவமாத்தான் இருக்கறேன்" என்றாள். அதற்கும் சரி என்றான். கோபமாக இருப்பவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள், அவன் தின்ற இட்லி வயிற்றில் இருந்த இடத்தில் இருக்கிறது. இதற்குமேல் இன்றைக்குக் கேட்டால் பேராசை.

அவள் கை கழுவிவிட்டு வந்து வேட்டித் துணியை எடுத்தாள். ஒரு நிமிஷம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு மேஜையில் சிந்திய பருப்பை அதால் துடைத்து, பிடித்துணியோடு பிடித்துணியாக அடுப்பு மேடையில் போட்டாள். போகிற போக்கில் மூலையிலிருந்த முறத்தை எடுத்து அவன் முன்னால் வைத்துவிட்டுப் போனாள், கொஞ்சம் சத்தமாகவே. முறத்தில் சின்ன வெங்காயம். இராத்திரி ஷிப்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் தினமும் மதியம் அவன் உரித்துக் கொடுத்துவிட்டுப் போவது. தாளிப்பு நின்றதும் அதுவும் நின்றுபோயிருந்தது. நாளைக்குத் தாளிக்கவா என்று கேட்க நினைத்தான். முறத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான். ஒன்றை எடுத்து வேரைக் கிள்ளி, காய்ந்த தோலை நகத்தால் நெம்பி உரித்துக் கிண்ணத்தில் போட்டான். அடுத்ததை எடுத்தான்.